மாடியில் தானாய் முளைத்தவை: எதைப் பிடுங்க, எதை விட, எங்கே தோண்டிப் பார்க்க

தளத்தின் மேலேயே மண் பரப்பிப் பசுமைக் கூரை போட்ட வீடுகளுக்கு இது. தொட்டியிலும் பையிலும் வளர்க்கிற மாடித் தோட்டத்துக்குப் பாதிதான் பொருந்தும். போட்டு ஒரு மழைக்காலம் போனதும் கிருஷ்ணகிரியானாலும் தர்மபுரியானாலும் வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்வி: “நட்டதை விட நடாததுதான் அதிகமா இருக்கு, ஆளை விட்டு மொத்தமா சுரண்டிடலாமா?”

வேண்டாம். தானாய் வந்த செடி எது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே கீழே எந்த அடுக்கில் கோளாறு என்பது பாதி பிடிபடும். சுரண்டிவிட்டால் அந்தத் தடயமும் போகும், மண்ணும் வெறுமையாகி அடுத்த மழைக்கு இதைவிட மோசமான களை வரும்.

கீழிருந்து மேலாக அடுக்குகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் தளம், தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) பிடித்த பூச்சு, நீர்த்தடுப்பு, வேர்த்தடுப்பு ஷீட், தண்ணீர் வடிய ஜல்லி அல்லது பிளாஸ்டிக் வடிகால் தட்டு, மண் கசியாமலிருக்க ஒரு துணி, அப்புறம் மண். செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுவது வேர்த்தடுப்பு ஷீட்தான். பழைய சுண்ணாம்புத் தளத்தில் தட்டோட்டின் மேல் நேராக மண்ணைக் கொட்டியவர்களும் உண்டு. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு மண்ணை விலக்கிப் பாருங்கள். கடப்பாரையும் களைக்கொத்தும் வேண்டாம். கையும் ஒரு பழைய கரண்டியும் போதும்.

சுவர் ஓரத்தில் நிமிர்ந்த கன்று, இலையைக் கிள்ளினால் பால்

இருப்பதிலேயே அவசரமானது இதுதான். மற்ற எல்லாவற்றையும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அரசு, ஆல், அத்தி, இச்சி, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். குயில், மைனா, கொண்டைக்குருவி, குக்குறுவான் எல்லாம் பழம் தின்றுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எச்சம் போடும். கடுகை விடச் சிறிய விதை. அது முளைக்க ஈரமான ஒரு விரிசல் இருந்தால் போதும், மண்கூடத் தேவையில்லை. அதனால்தான் மண்பரப்பின் நடுவில் வருவதை விட, சுவரும் தளமும் சேரும் மூலையிலும் மழைநீர்க் குழாய் வாயிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் அதிகம் வருகிறது.

பால் வடிவதெல்லாம் ஆலமரம் இல்லை. அம்மான் பச்சரிசியிலும் பால் வரும். அது மண்ணை ஒட்டிச் சாய்ந்து வளரும், தண்டு செம்பழுப்பாக மயிரோடு இருக்கும், இலைகள் எதிரெதிராக இருக்கும். அதை அப்படியே விட்டுவிடலாம். அத்தி இனத்துக் கன்றில் இலைகள் மாறி மாறி வரும், நேரே நிமிரும், விரல் உயரத்திலேயே தண்டு கட்டைத்தன்மைக்கு வந்துவிடும்.

நாலைந்து இலையோடு இருந்தால் நல்ல மழைக்கு மறுநாள், மண்ணும் விரிசலும் ஊறியிருக்கும்போது, அடித்தண்டைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வேர் முழுசாக வந்தால் முடிந்தது. பாதியில் அறுந்தால் அந்த இடத்தில் கரியால் ஒரு குறி போட்டு வையுங்கள், மறுபடி துளிர்க்கும்.

ஒரு சாண் தாண்டிவிட்டால் இழுத்து ஆகாது. தட்டோடு ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். மேலே ஒரு சாண் கன்றுதான். அடியில் வேர் இரண்டு ஓட்டின் இடுக்குக்குள் ரிப்பன் போலத் தட்டையாகி, மயிர்வேரைச் சுண்ணாம்புக்குள் விட்டபடி அடுத்தடுத்த ஓடுகளையும் தாண்டிப் போயிருக்கும். வேரைத் தூக்கினால் சுண்ணாம்புத் தூள் ஒட்டிக்கொண்டே வரும். மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் அந்தத் தூள் ஈரமாக இருந்தால், தண்ணீர் ஏற்கனவே அந்த வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

வேர் போன திசையைக் கண்டுபிடிக்க ஓடுகளைச் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பிடிப்பு விட்ட ஓடு வெற்றொலி தரும். அந்த வரிசையை மட்டும் பெயர்த்து, வேரை முடிந்தவரை எடுத்து, தூசு தட்டி, நனைத்து, அடைக்க வேண்டும். சுண்ணாம்புத் தளத்துக்குச் சுண்ணாம்புக் கலவைதான். வெறும் சிமெண்டால் அடைத்தால் அது இறுகி, பழைய சுண்ணாம்பிலிருந்து ஓரம் பிரிந்து, அடுத்த விதைக்கு இடம் தரும். காங்கிரீட் தளமானால் நீர்த்தடுப்பு மருந்து சேர்த்த சிமெண்ட் கலவை போதும். வேர் கைப்பிடிச் சுவருக்குள்ளேயே நுழைந்திருந்தால் சுவரை உடைக்க அவசரப்படாதீர்கள். வெட்டிவிட்டு, துளிர் வரவரக் கிள்ளிக்கொண்டே இருங்கள். இலையே விட முடியாத வேர் கடைசியில் பட்டுப்போகும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஊரே யோசனை சொல்லும். கல்லுப்பு போடு, ஆசிட் ஊற்று, பெருங்காயம் வை, மண்ணெண்ணெய் விடு. உப்பும் ஆசிட்டும் கன்றை விடத் தளத்தைத்தான் முதலில் கெடுக்கும்: உப்பிலுள்ள குளோரைடு காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், ஆசிட் சுண்ணாம்பையும் சிமெண்டையும் அரிக்கும். பெருங்காயத்தால் வேர் செத்து நான் பார்த்ததில்லை. கிளைபோசேட் களைக்கொல்லியை 2022-லிருந்து பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு கட்டுப்படுத்தியிருக்கிறது. அதைவிட ஒரு காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியில் ஊற்றுகிற எதுவும் அந்தக் குழாய் வழியாக உங்கள் கிணற்றுக்கோ போர்வெல்லுக்கோதான் போகும்.

அரசு என்றால் பிடுங்கத் தயங்குகிற வீடுகள் நிறைய. காவேரிப்பட்டணத்தில் ஒரு பாட்டி கொத்தனாரை நிறுத்திவிட்டார். “ஏம்பா, அரசங்கன்னு தானா வந்திருக்கு, அதுல கை வைக்கலாமா?” கொத்தனார் அசரவில்லை. “வெட்டல பாட்டி, எடுத்து ஏரிக்கரையில வெச்சுடறேன். இங்க இருந்தா வூட்டுக்கும் ஆகாது, அதுக்கும் ஆகாது.” நல்ல பதில். சிறு கன்றை ஈரத்தோடு பெயர்த்துப் பையில் வைத்து, வேர் பிடித்ததும் கரையிலோ கோயில் நிலத்திலோ நடலாம்.

வேப்பங்கன்று வந்தால் இவ்வளவு பதற வேண்டாம். ஒரு சாணுக்குள் பிடுங்கினால் ஒழுங்காக வரும். சீமைக்கருவேலங்கன்று கும்பலாக வந்தால் பறவையைக் குறை சொல்லாதீர்கள். மட்காத ஆட்டு எரு போட்டிருப்பீர்கள். அந்த விதை ஆட்டின் வயிற்றைத் தாண்டியும் முளைக்கும்.

ஓரிடத்தில் மட்டும் கோரை, அல்லது கரிசலாங்கண்ணி

முதலில் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கரிய சிறு கிழங்கு, கீறினால் வாசனை வந்தால் அது கிழங்குக் கோரை, நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்கிறதே, அது. கிழங்கு இல்லாமல் கொத்தாக நின்றால் வேறு கோரை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கிழங்குக் கோரை காற்றில் பறந்து வருவதில்லை. அது பரவுவது பெரும்பாலும் கிழங்கால்தான், ஆகவே மண்ணோடு வந்து இறங்கியிருக்கிறது: ஏரி வண்டல், வயல்மண், குப்பைமேட்டு எரு. மேலே பிடுங்கப் பிடுங்கக் கிழங்குச் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் முளைக்கும். இன்னொரு ஆபத்து, இதன் முளை ஊசியாக இருக்கும். வயலில் போடுகிற மூடாக்கு பிளாஸ்டிக் ஷீட்டையே துளைத்துக்கொண்டு வரும். உங்கள் நீர்த்தடுப்பு மெல்லிய ஷீட்டாக இருந்தால் கோரையை அழகுக்குக்கூட விட்டுவைக்க முடியாது. அந்தப் பகுதி மண்ணை முழுவதுமாக அள்ளிச் சலித்து, கிழங்கைப் பொறுக்கி, மீதியைச் சித்திரை வெயிலில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு வாரம் புரட்டிப் போடுங்கள். காய்ந்து சுருங்கிய கிழங்கு முளைக்காது. நிழலில் குவித்து வைத்தால் ஒரு பயனும் இல்லை.

கிழங்கில்லாத கொத்துக் கோரை, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, பொடுதலை, இவையெல்லாம் வாய்க்கால் வரப்புச் செடிகள். மாடியில் ஒரு திட்டாக இவை நின்றால், அந்தத் திட்டின் கீழே தண்ணீர் தங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மழை நின்று பத்து நாள் ஆன பிறகும் சுற்றிலும் வாடியிருக்க அங்கே மட்டும் பச்சை இருந்தால் சந்தேகமே வேண்டாம். காரணம் மூன்றில் ஒன்று. வாட்டம் சரியில்லாமல் பள்ளம் விழுந்திருக்கும். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். அல்லது வடிகால் துணியில் நுண்மண் அடைத்திருக்கும். அல்லது குழாய் வாயில் வேர் புகுந்திருக்கும். கடைசியிலிருந்து தொடங்குங்கள், அதுதான் காசில்லாத வேலை. குழாய் வாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணே இருக்கக் கூடாது, கூழாங்கல் மட்டும். மூக்கிரட்டைக்கு வேர் கிழங்கு மாதிரி தடிக்கும்; குழாய் வாயருகே அது நின்றால் தயங்காமல் தோண்டி எடுங்கள். மண்ணின் நடுவில் நின்றால் இருக்கட்டும்.

மேலே செடி செழிப்பு, கீழே அறைக் கூரையில் ஓதம்

செடியைக் குற்றம் சொல்லுமுன் கறை எப்போது பெரிதாகிறது என்று கவனியுங்கள். மழைக்குப் பிறகா, செடிக்குத் தண்ணீர் விட்ட அன்றா, மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பும்போதா? தொட்டி நிரம்பும்போது என்றால் கோளாறு பசுமைக் கூரையில் இல்லை. சுவரின் வெளிப்பக்கம் பெரணி முளைத்திருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். பெரணிக்கு இடைவிடாத ஈரம் வேண்டும். கோடையிலும் அது பச்சையாக நின்றால் பின்னால் ஒழுகுகிற குழாயோ வழிகிற தொட்டியோ இருக்கும்.

மழைக்குத்தான் கறை வருகிறதென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஓரம். நீர்த்தடுப்பு, சுவரில் மண் மட்டத்துக்கு மேல் அரையடியாவது ஏறி நிற்க வேண்டும். போகப்போக எருவும் மண்ணும் சேர்த்து மட்டத்தை ஏற்றிவிடுகிறோம், ஷீட்டின் விளிம்பு மண்ணுக்குள் புதைகிறது, தண்ணீர் விளிம்புக்குப் பின்னால் இறங்குகிறது. நீர்த்தடுப்பையே மாற்றச் சொல்கிறார்களே என்று கலங்குமுன் சுவரோரம் மண்ணை ஒன்றரை அடி அகலத்துக்கு வாரிவிட்டு, ஜல்லி நிரப்பி, ஒரு மழை பாருங்கள்.

அப்போதும் நிற்கவில்லையா? மண்ணைப் பகுதி பகுதியாக விலக்கி, சின்னக் கரை கட்டி, ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை தண்ணீர் தேக்கி ஒரு நாள் விடுங்கள். கீழே ஒருவர் டார்ச் வைத்துப் பார்க்கட்டும். தேக்குமுன் அந்தப் பகுதி மண்ணை மாடியின் வேறு மூலையில் குவிக்காதீர்கள். மண் குவியலும் தண்ணீரும் சேர்ந்தால் எடை தாறுமாறாக ஏறும். எடையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

காரட் இலை மாதிரி, வெள்ளைப் பொட்டுப் பூ

பார்த்தீனியம். இந்தியாவில் 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்டது, இப்போது ஓசூர் சாலையோரம் தொடங்கி அரூர் வரை எங்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்க ஆரம்பித்துவிடும், ஆகவே தரையோடு இலை விரித்துக் கிடக்கும் பருவத்திலேயே எடுத்துவிட வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். பூத்ததை எருக்குழியில் போடாதீர்கள்.

தரிசு நிலத்தில் உப்புக் கரைசல் தெளிக்கச் சொல்வது உண்டு. மாடியில் அது ஆகாது, காரணம் மேலே சொன்ன கம்பிதான். இது பிடிப்பது வெறும் மண்ணை. மூடிய மண்ணில் இவ்வளவு ஆட்டம் போடாது. பிடுங்கிய இடத்தை அன்றே சருகு, தேங்காய் மட்டைத் துண்டு எதையாவது போட்டு மூடுங்கள்.

நட்டதெல்லாம் கருகிப்போனது, காட்டுச்செடி மட்டும் நிற்கிறது

இதை நோயாகப் பார்க்க வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. நான்கு அங்குல மண், கீழே சூடேறிய காங்கிரீட், மேலே கிருஷ்ணகிரியின் ஏப்ரல் வெயில். நர்சரியில் வாங்கிய புல்தரை அங்கே தண்ணீர் லாரி இல்லாமல் நிற்காது. வெட்டுக்காயப் பூண்டு நிற்கும். பருப்புக்கீரை தண்டிலும் இலையிலும் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும்; வறட்சி முற்றினால் பகலில் இலைத்துளையை மூடி இரவில் மூச்சு வாங்கும் முறைக்கே மாறிக்கொள்ளும். குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை எல்லாம் கோடையில் செத்து, விதையாக மண்ணில் கிடந்து, முதல் மழைக்கு எழுந்து வரும். இவற்றுக்கு யாரும் தண்ணீர் விட வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் சூரிச்சின் வொல்லிஸ்ஹோஃபன் பகுதியில் 1914-ல் கட்டிய குடிநீர் வடிகட்டு நிலையத்தின் கூரையில் அந்தப் பக்கத்துப் புல்வெளி மண்ணைப் பரப்பினார்கள். அந்த மண்ணோடு வந்த செடிகள் நூறாண்டு தாண்டி நிற்கின்றன, ஆர்க்கிட் வகைகள் உட்பட. அதே நாட்டின் பாசல் நகரில் 2002-லிருந்து புதிய தட்டைக் கூரைகளில் செடிப்பரப்பு கட்டாயம். அங்கே மண்ணை ஒரே மட்டமாகப் போடாமல் மேடும் பள்ளமுமாகப் போடச் சொல்கிறார்கள், ஆழம் மாறினால் வருகிற செடியும் பூச்சியும் மாறும் என்பதால். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த மேடுபள்ள யோசனையை. அவர்கள் நடுகிற செடம் (Sedum) என்ற சதைப்பற்றுச் செடி வகைகளை வாங்கிவந்து இங்கே வைத்து ஏமாற வேண்டாம். அது குளிர்நாட்டுச் செடி. உத்திரமும் தூணும் வரும் இடத்தின் மேலே ஆறு அங்குல மேடு, மற்ற இடத்தில் இரண்டரை மூன்று அங்குலம் என்று வைத்தால் எடையும் சரியான இடத்தில் நிற்கும்.

தர்மபுரி பக்கத்து மாடிகளில் கேழ்வரகு தானாய் முளைத்துக் கதிர் விடுவதுண்டு. மாடியில் காயப்போட்டபோது சிந்தியது, இல்லையேல் புறாவுக்கு இறைத்தது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி. எடுத்துச் சமையுங்கள். கீரை பறிக்கும்போது மட்டும் ஒரு கவனம்: பருப்புக்கீரைத் தண்டை ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும். பால் வந்தால் அது அதன் ஊடே வளர்ந்த அம்மான் பச்சரிசி இனம், கூடையில் சேர்க்காதீர்கள்.

கோடையில் எல்லாம் காய்ந்து குப்பைமேடு மாதிரி

காய்வது இயல்பு, தீப்பிடிப்பதுதான் பயம். திருவிழா வாணவேடிக்கை நம்மூரில் கோடையில்தான். பங்குனிக்கு முன் காய்ந்த புல்லை நான்கு விரல் உயரம் விட்டு அறுத்துவிடுங்கள், வேரோடு எடுக்க வேண்டாம். சுவரோரம் போடச் சொன்ன அந்த ஜல்லி இதற்கும் உதவும்.

பூனை வந்து மண்ணைப் பிறாண்டுகிறது

குப்பைமேனியைப் பிடுங்கியிருப்பீர்கள். அதன் வேர் வாசனைக்குப் பூனை மயங்கும். பிடுங்காமல் அறுத்துவிட்டால் தொல்லை குறையும்.

வழுக்கும் பாசி, கொசு

நடைபாதையில் பாசி என்றால் தண்ணீர் நிற்கிறது. தேய்த்துக் கழுவிவிட்டு வாட்டத்தைப் பாருங்கள். மண்ணில் கொசு வளராது. வடிகால் தட்டின் குழியிலும் மூடாத குழாய் வாயிலும் ஒரு வாரம் பத்து நாள் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும்.

செடி அடர்ந்துகொண்டே போகிறது, மண் மட்டமும் ஏறுகிறது

இலைச் சருகு, எரு, புழுதி, வேர் எல்லாம் சேர்ந்து மண் தானே வளரும். ஆள் ஏறும் தட்டைக் கூரைக்கு கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, தளத்தின் சொந்த எடை போகச் சொல்கிற கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். ஏற வழியில்லாத கூரைக்கு அதில் பாதி. நனைந்த செம்மண் நான்கு அங்குலம் இருந்தாலே சதுர மீட்டருக்கு 180, 200 கிலோ ஆகிவிடும். மண்ணுக்கென்று தனியாகக் கணக்குப் போடாமல் கட்டிய தளம் என்றால் அங்கேயே வரம்பு தாண்டியாகிவிட்டது.

உங்கள் மண்ணின் எடையைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி. 10 லிட்டர் வாளியில் மாடி மண்ணை நிரப்பி, நன்றாக நனைய ஊற்றி, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு எடை போடுங்கள். வாளி எடையைக் கழியுங்கள். அந்த எண், ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கான எடை. உங்கள் மண் எத்தனை சென்டிமீட்டரோ அதால் பெருக்குங்கள். பழைய காய்கறிக் கடைத் தராசு போதும். கணக்கு 150-ஐ நெருங்கினால் கட்டடப் பொறியாளர் ஒருவரைத் தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை புதிதாக எரு எதுவும் மேலே ஏற்றாதீர்கள், அறுத்த களையைக் கீழே இறக்கிவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன் குழாய் வாய்கள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள்.